இது மண்டபம் இல்லீங்க, நுண்கலைக் கழகம்

தேசிய நுண்கலைக் கழகத்தின் கிளையைக் கவனித்துக்கொள்ள ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று மூன்று மொழிகளில் சொல்லத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நூலகம், அருங்காட்சியகம், நாடக அரங்கு என்று எங்கேயாவது மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சக அவதிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மெல்பர்னில் பல வருடம் இருந்துவிட்டு, கலைக்காக ஏதாவது செய்யலாமே என்று நாற்பத்தேழு வயதில் பினாங்குக்குத் திரும்பி வந்தவள் நான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில், பழைய கடைவீடு ஒன்றில் உட்கார வைத்தார்கள். மதிய நேரத்தில் எங்கள் ஓவியங்கள் எல்லாமே பக்கத்துக் கடையின் நாசி கண்டார் சோற்றுக் குழம்பு வாசம் அடிக்கும்.

வரலாறு கேட்ட மனிதர்

ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பத் தலைவர் நேராக ஏர்கோனுக்குக் கீழே போய் நின்றார். நல்ல மனிதராகத் தெரிந்ததால் பிடித்துக்கொண்டேன். சுதந்திரம் வாங்கிய கையோடு சில ஓவிய ஆசிரியர்கள் கூடி, கொடி வந்தாச்சு, தபால்தலை வந்தாச்சு, நம்ம படங்களை மாட்ட நமக்கென்று ஒரு சுவர் வேண்டாமா என்று கேட்டதில் பிறந்ததுதான் இந்தக் கழகம் என்றேன். நாட்டின் ஓவியங்களைப் பாதுகாப்பது, இளம் கலைஞர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது, வருடா வருடம் பொதுக் கண்காட்சி நடத்துவது எங்கள் பணி. அந்தக் கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம், பெயரை மறைத்துவிட்டுத்தான் தேர்வு செய்வார்கள் என்றேன். பட்டர்வொர்த்தில் ரயிலேறி, சுருட்டிய படங்களோடு கோலாலம்பூருக்கு அலைந்து சலித்த, பினாங்கு உள்ளிட்ட வடக்கத்து ஓவியர்கள் போராடி வாங்கியதுதான் இந்தக் கிளை என்றும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்குத் தொண்டை காய்ந்தபோது அவருக்கு வியர்வை காய்ந்திருந்தது.

"ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம். சுவத்துல பூனை வரைஞ்சிருக்காங்களாமே, அது எந்த ரோட்டுல?"

மேலிடத்து அன்பு

தலைமையகத்தில் கண்காட்சிப் பிரிவுக்குத் தலைவர் நடேசன். எதையும் மென்மையாகச் சொல்லியே ஆளைக் கொல்வார். பொதுக் கண்காட்சியில் தேறும் வடக்கத்துப் படங்களை எங்கள் முன்கூடத்தில் மாட்டுவது வழக்கம். போன வருடம் ஒன்றுகூடத் தேறவில்லை. இந்த வருடமும் மாட்ட ஒன்றும் இல்லையென்றால் கூடம் எங்களுக்கு இல்லை என்று தொலைபேசியில் தெரிவித்தார். யாரோ ரயிலில் தூக்கிக்கொண்டு அலைந்து வாங்கிய சுவர் என் காலத்தில் போகிறதே என்று நான் நினைப்பதற்குள் அவர் ஆறுதல் வேறு சொன்னார்.

"கவலைப்படாதீங்க மிஸ், ஹால வாடகைக்கு விட்டா சனம் தானா வரும்."

தேசிய அளவு

படம் கேட்டு ஊரெல்லாம் அலைந்தேன். பள்ளி ஒன்றில் பேசிவிட்டு வந்த மறுநாளே ஒரு தாயார் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். என் காலில் விழாத குறை. மகள் எந்த மாதிரிப் படம் வரைவாள் என்று கேட்டேன். அவள் வரையவே மாட்டாளாம். கலந்துகொண்டதாகத் தேசிய அளவில் ஒரு சான்றிதழ் கிடைத்தால், பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும்போது பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கான புறப்பாட மதிப்பெண் ஏறுமாம். படம் அனுப்பாமல் எப்படிக் கலந்துகொள்வது என்று கேட்டேன்.

"அவ திறப்பு விழாவுக்கு வந்து கை தட்டுவா மேடம், அது கலந்துக்கிட்டது இல்லையா?"

சிரிக்காத முகங்கள்

கல்யாண அலங்காரம் செய்யும் முனியாண்டி அண்ணனுக்கு கூடம் வாடகைக்கு வரலாம் என்ற செய்தி எப்படியோ எட்டிவிட்டது. கையில் அளவு நாடாவோடு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மேடை எங்கே, பந்தி எங்கே என்று அளந்துகொண்டிருந்தார். இது மண்டபம் இல்லீங்க, நுண்கலைக் கழகம் என்றேன். "தெரியும்லா," என்று அளந்துகொண்டே இருந்தார். சுவரில் தலைமையகம் அனுப்பியிருந்த பழைய ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரி, ஒரு நிமிடமாவது கலைக்கு என்று நினைத்தேன்.

"நிச்சயதார்த்தத்து அன்னிக்கி இதயெல்லாம் தெரை போட்டு மூடிடணும் மேடம், ஒருத்தர் மூஞ்சிலயும் சிரிப்பே இல்ல."

மாலை

கடைசியில் வடக்கிலிருந்து ஒரு படம் தேறியது. ஒரே ஒரு படம். ஜுருவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் செல்வி வரைந்தது. சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் தன் கணவரை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தாள். களைப்பு என்றால் என்ன என்று அந்தத் தொங்கும் கை சொல்லும். படம் வந்து கட்டைப் பிரித்த அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததற்கு இது போதும் என்றுகூடத் தோன்றியது.

திறப்பு விழாவுக்கு நடேசனே வந்தார். கோயில் கமிட்டியில் பழகிய ஆறுமுகம் அண்ணன் ஏற்பாடுகளைக் கவனித்தார். வர வேண்டிய சட்டமன்ற உறுப்பினர் வரவில்லை என்று செய்தி வந்தது. நான் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவருக்கு வாங்கிய ரோஜா மாலை படத்திலிருக்கும் செல்வியின் கணவர் கழுத்தில் தொங்குகிறது. படத்துக்குக் கீழே குத்துவிளக்கு. செல்வியின் தோழி ஒருத்தி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து, "சொல்லவே இல்லையேடி!" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாசி கண்டாருக்கு வரிசையில் நின்ற சிலர், சாவு வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று உள்ளே வந்து கும்பிட்டார்கள். கிளையின் சரித்திரத்தில் அவ்வளவு கூட்டம் நான் கண்டதில்லை. ஆறுமுகம் அண்ணனைத் தனியே இழுத்து, அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பல்லைக் கடித்தேன்.

"உயிரோட இருக்கிற புருஷன யாரும்மா இவ்ளோ பெருசா வரைவாங்க?"

உயிரோடு வந்தவர்

மாலையை நான் எடுப்பதற்குள் அவரே வந்துவிட்டார். குமார், லோரி ஓட்டுநர். வேலைச் சட்டையோடு நேரே ஜுருவிலிருந்து வந்திருந்தார். ஏதோ ஒரு படம் என்றுதான் செல்வி சொல்லிவைத்திருந்தாள். அழுத தோழி அவரைப் பார்த்து வீறிட்டாள்.

"யாருடி இது?" என்றார்.

"நீங்கதான்."

"செத்துட்டனா?"

"இல்ல. தூங்குறீங்க."

அவர் கை படத்தின் சட்டத்தைப் பிடித்தது. வரையப்பட்டவர் மறுத்தால் படத்தை இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. இறக்கினால் வடக்குக்கு ஒன்றுமில்லை, கூடமும் இல்லை. நடேசன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விதியைச் சொன்னேன். "வடக்கிலேர்ந்து தேறின ஒரே படம்ணே. வேணாம்னா இறக்கிடுறோம்," என்றேன்.

அவர் படத்தையே பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி படத்திலிருந்த கையைப் பார்த்தார்.

"வாய இவ்ளோ பெருசாவா தொறப்பேன்?"

"இன்னும் பெருசா. நான்தான் கொறச்சேன்," என்றாள் செல்வி.

கூட்டம் சிரித்துவிட்டது. அவர் மாலையைக் கழற்றி ஆறுமுகம் அண்ணன் கையில் திணித்தார். விளக்கைத் தானே தூக்கி வாசல் பக்கம் வைத்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"படம் தொங்கட்டும் மேடம். உயிரோடதான் இருக்கேன்னு வர்றவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கூடம் இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் கழகத்தின் நோக்கமோ என் உழைப்போ இல்லை, சாவுக்கு வந்த கூட்டமும் சாகாத ஒருவரின் பெருந்தன்மையும்தான்.