கொதிக்க வைக்கச் சொல்லிக் கையெழுத்திட்டேன்

1. டாக்டர் கேட்ட கேள்வி

“இந்த நோட்டீஸில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா?”

ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலிருந்து பெண் டாக்டர் ஒருவர் போனில் மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். மூன்று மாதக் குழந்தை ஒன்று உதடும் நகமும் நீலம் பாய்ந்து வந்து சேர்ந்திருப்பதாகச் சொன்னார். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலிலும் இல்லை. பால்பவுடர் கலக்க எந்தத் தண்ணீர் என்று கேட்டதும், தாய் பையிலிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

“நைட்ரேட் இவ்வளவு என்று நீங்களே எழுதிவிட்டு, கீழே கொதிக்க வைத்துக் குடிக்கவும் என்று எழுதியிருக்கிறீர்களே. நீங்கள் என்ன படித்தீர்கள்?”

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அதைச் சொல்லாமல், நோட்டீஸில் கிணற்று எண் என்ன என்று கேட்டேன்; பதினேழு என்றார்.

2. ஒரே ஒரு வரி

மட்டாஞ்சேரியில் தொடங்கி பள்ளுருத்தி வரை நாற்பது கிணறுகள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, நைட்ரேட் அளவைப் பார்த்து, வீட்டுக்காரர்களுக்கு முடிவை அனுப்புவது எங்கள் திட்டம். நான் அதன் ஒருங்கிணைப்பாளர். சாம்பிள் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே களமசேரி லேபில் சேர்த்தாக வேண்டும். வழியில் பாலத்தின் மேல் பஸ் நின்றுவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடப்பேன். எடுத்த நேரம், பெட்டியின் டெம்பரேச்சர், டூப்ளிகேட் சாம்பிள் என்று எதிலும் ஒரு பிசகு வர விட்டதில்லை. எங்கள் டேட்டா சுத்தம் என்று லேபில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பிசகு நோட்டீஸில் இருந்தது. கிணற்றில் கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்த்த காலத்தில் அச்சடித்த படிவம் அது. நைட்ரேட் திட்டம் வந்தபோது புதிய படிவம் போட யாருக்கும் நேரமில்லை. அதிலேயே நைட்ரேட்டுக்கு ஒரு கட்டம் சேர்த்தார்கள். எந்தக் கட்டம் ஃபெயில் ஆனாலும் கீழே அதே வரிதான் வரும்: ‘கொதிக்க வைத்துக் குடிக்கவும்.’

கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. ரசத்தை அடுப்பில் மறந்துவிட்டால் சுண்டி உப்புக் கரிக்கும் அல்லவா, அதே கதைதான். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் பாத்திரத்தில் தங்கும். எங்கள் பகுதியில் அது பெரும்பாலும் கக்கூஸ் குழிகளிலிருந்து ஊறிக் கிணற்றுக்கு வருகிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைக்கோ ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும்.

இதையெல்லாம் பயிற்சி வகுப்புகளில் படம் போட்டு விளக்கியவள் நான். மாதாமாதம் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவளும் நான். இங்கே சீரகமோ பதிமுகம் என்ற மரச் சீவலோ போட்டுக் கொதிக்க வைக்காத தண்ணீரை யாரும் தொடமாட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சிவந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு அந்த வரி உறுத்தவே இல்லை. இரண்டு வருடம் உறுத்தவில்லை என்று நினைத்தால் இன்றும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

3. பதினேழாம் எண் கிணறு

ஊசி மருந்தில் குழந்தை தப்பியது. வீடு திரும்பிய பிறகு போய்ப் பார்த்தேன். ஐந்து லைன் வீடுகளுக்கு ஒரே கிணறு. எட்டிப் பார்க்கும் தூரத்தில் கக்கூஸ் குழிகள். தாயின் பெயர் செல்வி. பிரசவம் முடிந்து சமீபத்தில்தான் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அடுப்புக்கு மேலே காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தமிழில், எங்கள் கடைசி வரியை மட்டும் எழுதி ஒட்டியிருந்தாள்.

“எனக்கு மலையாளம் வாசிக்க வராது மேடம். பக்கத்து வீட்டு சேச்சிதான் வாசிச்சுச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி லேசா சூடு பண்ணித்தான் பால் கலக்குவேன். உங்க பேப்பரு வந்தப்புறம் பாதியா வத்துற வரைக்கும் அடுப்புலயே விட்டுருவேன். பச்சப்புள்ளைக்குல்ல?”

அவளையே அதே போலக் கொதிக்க வைக்கச் சொன்னேன். கிணற்றிலிருந்து ஒரு பாட்டில், பாத்திரத்திலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து முடிவு வந்தது. கிணற்றுத் தண்ணீரிலேயே அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. பாத்திரத்துத் தண்ணீரில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு.

4. சாரின் பதில்

லேப் முடிவுத் தாளை எங்கள் மேலதிகாரியான சாரின் மேஜையில் வைத்தேன். பாலக்காட்டுத் தமிழர், பேசத் தெரிந்த மனிதர்.

“நீங்க ஏன் இப்படிக் கெடந்து துள்றேள்? கொழந்தைக்குச் சரியாயாச்சோல்லியோ? கொதிக்க வைக்காதேன்னு நாம எழுதி, நாளைக்கு மஞ்சக்காமாலை வந்தா ஆரு பதில் சொல்றது?”

“கொதிக்க வைக்காதேன்னு எழுதச் சொல்லலை சார். கொதிக்க வச்சாலும் நைட்ரேட் போகாது, கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணியே ஆகாதுன்னு எழுதச் சொல்றேன்.”

“ஃபார்மட்டை மாத்தணும்னா கமிட்டி கூடணமாக்கும். அதுவரைக்கும் ரிப்போர்ட்ல, ‘நோட்டீஸ் உரிய நேரத்தில் வழங்கப்பட்டது’ன்னு எழுதிக்கோங்கோ. அது நெஜந்தானே?”

நிஜம்தான். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டீஸ் நேரத்துக்குப் போனது, அவள் நேரத்துக்குக் கொதிக்க வைத்தாள், குழந்தை நீலமானது. இதில் எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது என்று ஒருவர் சாயா குடித்துக்கொண்டே சொல்கிறார்.

அந்த ரிப்போர்ட்டை நான் எழுதவில்லை. கடைவீதியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். நைட்ரேட் அதிகம், கொதிக்க வைத்தாலும் போகாது, குழந்தைப் பாலுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று மலையாளத்திலும் தமிழிலும். நைட்ரேட் ஃபெயில் ஆன ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய், பழைய வரியை அடித்துவிட்டு ஸ்டாம்ப் குத்தினேன். அனுமதியில்லாமல் அரசாங்கப் படிவத்தைத் திருத்தியதாக மெமோ வந்தது. வரட்டும். பிற்பாடு கமிட்டி கூடிப் படிவம் மாறியபோது என் ஸ்டாம்ப் வாசகத்தைத்தான் அச்சடித்தார்கள், மெமோவை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை.

5. செல்வி கேட்டது

லேப் முடிவைச் சொல்லக் கடைசியாகச் செல்வியிடம்தான் போனேன். தைரியம் வர அத்தனை நாள் பிடித்தது. டாக்டர் சொன்னபடி கேன் தண்ணீரில் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். ரசத்து உப்பைச் சொல்லி விளக்கினேன். கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அப்ப உங்க பேப்பரே வராம இருந்திருந்தா எம்புள்ளைக்கு இவ்வளவு ஆயிருக்காதுல்ல மேடம்?”

சாராக இருந்தால், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்பார். டெக்னிக்கலாகப் பார்த்தால் அதுவும் சரிதான்.

“ஆமாம்மா. ஆயிருக்காது. நீ செஞ்சதுல தப்பில்லை. எழுதினதுதான் தப்பு. அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நான்.”

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஐஸ் பெட்டியைக் கவனியுங்கள், லேபோடு சண்டை போடுங்கள், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் கடைசி வரியைப் படியுங்கள். கட்டத்தில் இருக்கும் நம்பரை நம் ஆபீஸ் படிக்கும். கடைசி வரியைத்தான் ஒரு தாய் நம்பிச் செய்வாள்.