தோத்திரம் சொல்லாத வாய்

எங்கள் சபைக்குத் திருவிருந்து வருஷத்தில் நான்கு முறைதான். போதகர் தருமபுரியிலிருந்து மாட்டுவண்டியில் வர வேண்டும். அவர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் ஊரிலேயே இருந்து சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் எங்களைக் கோயிலுக்குள் கூட்டி, மறுநாள் அப்பமும் ரசமும் வாங்கப் போகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை இருந்தது. இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் இருந்தால் அந்த இரண்டு பேரும் எழுந்து நின்று, எல்லார் முன்னிலையிலும் கைகொடுத்து, சமாதானமாகிவிட்டதற்கு அடையாளமாகத் தோத்திரம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு பெயரும் நோட்டில் ஏறும். ஒருவர் மறுத்தாலும் இரண்டு பெயரும் ஏறாது. வரப்புச் சண்டை, கோழிச் சண்டை எல்லாம் அந்தச் சனிக்கிழமையில் தீர்ந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நானும் என் ஓரகத்தியும் ஏழு வருஷம் அந்த நோட்டில் ஏறவில்லை. மறுத்தது நான்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள், பிள்ளை இல்லை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. அது என் இடுப்பில் இருந்ததைவிட அவள் இடுப்பில் இருந்ததுதான் அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது. மருந்து வாங்க நான் இண்டூருக்கு நடந்து போனேன். குழந்தையை அவளிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது எங்கள் கிணற்றைச் சுற்றிக் கூட்டம். மாடு பூட்டிக் கவலை இறைக்கிற பெரிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. குழந்தையை வெளியே எடுத்து ஒரு கோணிச்சாக்கில் கிடத்தியிருந்தார்கள். என் கையில் மருந்து பாட்டில் அப்படியே இருந்தது. அதை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் வூட்டு வாசல்லதான் ஒக்காந்திருந்தேன். ராய் பொடச்சிட்டு இருந்தேன். பாப்பா உன்னத் தேடிக்கிட்டுத்தான் போச்சு கண்ணு. அம்மா அம்மான்னு கூப்புட்டுக்கிட்டே போச்சு. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள..."

குழந்தை செத்ததைக்கூட நான் ஒரு நாள் தாங்கியிருப்பேனோ என்னவோ. இந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. அம்மா அம்மா என்று என்னைத் தேடிப் போய்த் தண்ணீரில் விழுந்தது என்று ஊரே சொல்லிற்று. சீக்காளிப் பிள்ளையை விட்டுவிட்டு இண்டூர் போனவள் என்று என் காது படவே பேசினார்கள். வாசலில் கேழ்வரகு புடைக்கிற முறம் இருக்கவில்லை என்பதை நான் பார்த்திருந்தேன். புடைத்த உமியும் இல்லை. உள்ளே பாய் விரித்தபடி கிடந்தது, தலையணையில் குழி இருந்தது. பொய் சொல்கிறாள் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, அவள்தான் முதலில் எழுந்து நின்றாள். கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். "எனக்கு மனசு வரலீங்க. வாயில ஒண்ணு, மனசுல ஒண்ணு வெச்சிக்கிட்டு அப்பம் வாங்கினா அது பாவமுங்களே" என்று உபதேசியாரிடம் சொன்னேன். அவர் அடுத்த பெயருக்குப் போனார். என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். கோழிச் சண்டைக்காரர்களைப் போல ஒப்புக்குத் தோத்திரம் சொல்லுகிறவள் நான் இல்லை என்று.

வீட்டுக்கு நடுவில் மண்சுவர் எழுப்பினோம். அடுப்பு இரண்டானது. அவள் சுவர் மேல் கீரை வைத்துவிட்டுப் போவாள், நான் அதை ஆட்டுக்குப் போடுவேன். ஆடு கொழுத்தது. திருவிருந்து அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் முன்னால் போய் முட்டிபோடுவார்கள். பின்னால் ஒரு பாயில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்திருப்போம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. முதல் இரண்டு வருஷம், திருவிருந்துக்கு முந்தின ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் எழுந்து நின்றாள். அப்புறம் நிற்பதை விட்டுவிட்டாள். ஆனால் அப்பம் பிட்கிற நேரத்தில் அவள் விம்முவது எனக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றிருந்தேன்.

ஒரு முறை போதகர் இருதயத்தைக் காவல் காப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எனக்காகவே பேசினது போல இருந்தது. நான்தான் காத்துக்கொண்டிருந்தேனே! நிலக்கடலைக் காட்டைப் பன்றி புகாமல் காக்கிற மாதிரி, ஒரு நல்ல வார்த்தைகூட உள்ளே நுழையாமல் காத்தேன். உள்ளே என்ன விளைகிறது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை இல்லை. அவளுக்கு முறைக்காய்ச்சல் கண்டு, ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டு அடித்தது. ஆள் கயிற்றுக் கட்டிலோடு ஒட்டிப்போனாள். ஒரு வெள்ளிக்கிழமை உபதேசியார் என் வாசலுக்கு வந்தார்.

"அம்மா, நாளான்னைக்குப் போதகர் வர்றாருங்க. அந்தம்மா சாவறதுக்குள்ள ஒரு தடவ அப்பம் வாங்கணும்னு ஆசப்படறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நான் பேரு எழுதிருவேன்."

"சொல்றேங்க. பாப்பா செத்த அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு அவங்க சபையில எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும். அப்பறம் நான் சொல்றேன்."

"எந்திரிச்சி ஒக்காரவே முடியலீங்கம்மா."

"கட்டிலோட தூக்கியாங்க."

இதை நான்தான் சொன்னேன். இதே வாயால்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான்கு பேர் அவளைக் கட்டிலோடு தூக்கிவந்து கோயிலுக்குள் வைத்தார்கள். குளிரில் பல் கிட்டித்தது. போர்வைக்குள்ளிருந்து பேசினாள். ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் சனங்கள் கட்டிலை நெருங்கி வந்துவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"நான் வாசல்ல இல்லீங்க. ராயும் பொடைக்கல. படுத்துத் தூங்கிட்டேன். பாப்பா எப்ப எந்திரிச்சுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அம்மான்னு கூப்புட்டத நான் கேக்கவே இல்ல. பழிக்குப் பயந்து சொன்னேன். அவமேல தப்பு இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் தூங்கினாள் என்று சொல்லவில்லை.

அது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின இரண்டு ராத்திரியும் குழந்தை இருமி இருமி நீலம் பாரித்தபோது, தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவள் அவள்தான். நீ படு கண்ணு, நான் பாத்துக்கறேன் என்று என்னைத் தூங்க வைத்தாள். நான் தூங்கினேன். அவள் தூங்கவில்லை. பகலில் கண் சொக்கிவிட்டது. தலையணையில் குழியைப் பார்த்த அன்றைக்கே இது எனக்குத் தெரியும். ஏழு வருஷமும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கீரையை ஆட்டுக்குப் போட்டேன்.

இதையும் அவள் சபையில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஊர் என்னைத்தான் காறித் துப்பியிருக்கும். அவள் சொல்லாமல், நீர் கோத்த கண்ணால் என்னையே பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது.

"சொல்லுங்கம்மா" என்றார் உபதேசியார்.

தோத்திரம் என்ற ஒரே ஒரு சொல். அதற்கு என் வாய் திறக்கவில்லை. மன்னிக்க மனசில்லாமல் அல்ல. மன்னிக்க அங்கே என்ன இருந்தது? அந்தச் சொல்லைச் சொன்னால், அடுத்து நான் அவள் காலில் விழ வேண்டும். ஏழு வருஷம் நல்லவளாக உட்கார்ந்திருந்தவள், அத்தனை பேர் பார்க்க விழ வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், போதகர் வந்தபிறகு, கூட்டம் இல்லாதபோது, அவள் காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் கணவர் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னும் என்னதான் வேணும் ஒனக்கு?" அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, போதகரின் வண்டி வருவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினேன். உடம்பில் சூடு இருந்தது. காதோடு வாய் வைத்து நூறு தடவை தோத்திரம் சொன்னேன். பைத்தியக்காரி மாதிரி அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்து வைத்துப் பார்த்தேன். பெண்கள் என்னை இழுத்து அப்பால் உட்கார வைத்தார்கள்.

ஆராதனை முடிந்து அடக்கம் என்று முடிவாயிற்று. கோயில் வாசலில் உபதேசியார் நோட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். நான் கேட்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. முறை அதுதான்.

"இனிமே ஒங்களுக்குத் தடை ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் என் வாய் திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போனேன், முட்டிபோட்டேன், கையை நீட்டினேன். அவள் செத்ததால் எனக்கு அப்பம் கிடைத்தது.