கிளிக் செய்யாத மவுஸ்

மணிக்கட்டு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால் கம்ப்யூட்டரைத் தொடாதே என்பார், முதலாளியிடம் சொன்னால் நாளையிலிருந்து வராதே என்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் தாராவியில் என் கடை ஓடுகிறது. வலிக்கிற கைக்குத் தகுந்தபடி மவுஸையும் கீபோர்டையும் அறுத்து, ஒட்டி, மாற்றிக் கொடுப்பது என் தொழில். இதைப் படித்துக்கொண்டே கட்டைவிரலை நீவிவிட்டுக்கொள்ளும் நண்பர்களே, நீங்களும் நம் கட்சிதான்.

ரயில் கம்பி

டோம்பிவிலியிலிருந்து ஓர் ஆடிட் ஆபீஸ்காரர் வந்தார். கை குலுக்குகிற வாட்டத்தில் பிடிக்கும்படி மவுஸை நிமிர்த்திக் கொடுத்தேன். வலி நிற்கவில்லை. கீபோர்டைச் சரித்தேன், அடியில் மெத்தை வைத்தேன். மனிதர் போன மாதிரியே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஒருநாள் காலையில் சயான் ஸ்டேஷனில் அவர் லோக்கலில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். பாதி உடம்பு வெளியே. மொத்தப் பாரமும் வலது கை பிடித்த கம்பியில். தினமும் இப்படித்தானா என்று கேட்டு, வலிக்குக் காரணம் என் மவுஸ் இல்லை என்று விளக்கினேன்.

"அப்போ அந்தக் கம்பியையும் கொஞ்சம் வளைச்சுக் கொடுத்துடுங்கோ" என்றார்.

இடது கைப் பில்

மல்லிகா ஆண்டாப் ஹில் பெண். தாராவியில் ஓர் அண்ணாச்சியின் மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறாள். வலது மணிக்கட்டு வீங்கி, டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தீபாவளிக்குள் பழைய வேகம் வராவிட்டால் வேறு ஆளை வைப்பேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான்.

மவுஸை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தேன். சீக்கிரமே பழகிவிட்டாள். அண்ணாச்சி அதைப் பார்த்ததும் மவுஸைப் பிடுங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"காலங்காத்தால மொதப் போணி. எடது கையால பில்லு போட்டா வெளங்குமாவே?"

மிதி

சரி, காலால் போகட்டும் என்று முடிவு செய்தேன். தாராவியில் தையல் மெஷின் மிதிக்கா பஞ்சம்? அதில் ஒரு சுவிட்ச் வைத்து, அண்ணாச்சி கண்ணில் படாமல் மேஜைக்கு அடியில் பொருத்தினேன். கை மவுஸை நகர்த்தினால் போதும், கிளிக் செய்வது கால். பழக்கதோஷத்தில் விரல் தட்டிக்கொண்டே இருந்ததால் மவுஸ் பட்டனின் ஒயரை வெட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் வலி இன்னும் அதிகம் என்று வந்து நின்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாமான் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போய்ப் பார்த்தேன். மல்லிகா மிதியை அமுக்கினாள். உடனே வலது கையால் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடி மிதி, மறுபடி ஒற்றல். புத்தகத்தில் கால் பட்டால் நாம் செய்வோமே, அதேதான், ஒவ்வொரு கிளிக்குக்கும்! ஏம்மா இப்படி என்று கேட்டேன்.

"சரஸ்வதியக் காலால மிதிக்கேன், மன்னிப்புக் கேக்க வேண்டாமாண்ணே?"

முட்டி

திட்டத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனித் தையல் மெஷின்களில் முட்டியால் பக்கவாட்டில் தள்ளுகிற கம்பி ஒன்று உண்டு. மிதியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். முட்டியும் கால்தானே என்று இழுத்தாள். இது மிதி இல்லை, லேசாக இடிப்பதுதான் என்று சமாதானம் சொன்னேன். வீக்கம் வடிந்தது. வேகம்தான் முழுசாக வரவில்லை. தீபாவளிக் கூட்டம் தொடங்கியதும், அண்ணாச்சி சொன்னபடியே புது ஆபரேட்டர் ஒருவரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

அவர் மவுஸை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. குத்தினார், தட்டினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வாசலில் ஆட்கள் "சலோ, சலோ" என்று கத்தினார்கள். ஓரமாக நின்ற மல்லிகா முட்டிக் கம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணாச்சி அவளையே கூப்பிட்டார். உட்கார்ந்தாள்; பில் வந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கிற வழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. புது ஆளை அப்போதே அனுப்பிவிட்டு, "எல்லாம் கைராசிம்மா" என்றாராம்.

இதைச் சொல்லவே மல்லிகா என் கடைக்கு வந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கைராசி எங்க இருக்குன்னு அண்ணாச்சிட்ட சொல்லிராதியண்ணே."

எதையாவது மாட்டிக் கொடுத்துத்தான் இத்தனை காலமும் பெயர் வாங்கினேன். ஆனால் மல்லிகாவின் வேலையைக் காப்பாற்றியது நான் வெட்டிப்போட்ட ஒயர்.