அவளுடைய பெயரின் பின்பாதி

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நான் இதை எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. ஒரு வீட்டில் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதியாவது பார்க்கலாம் என்று கொப்பியை எடுத்தேன்.

என்னிடம் ஒரு அழிறப்பர் துண்டு இருக்கிறது. பாதித் துண்டு. முப்பது வருடங்களுக்கு மேலாக வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பாக இருந்தது, இப்போது பழுப்பேறி வெடித்துப்போய் இருக்கிறது. அதில் நீலப் பேனையால் எழுதிய இரண்டு எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அவை ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள்.

என் அப்பாவும் அம்மாவும் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, விசுவமடுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் ரீச்சர் ஏதோ கேட்க, நான் வீட்டில் சொல்வது போல "ஆமா" என்றேன். இங்கே எல்லோரும் "ஓம்" என்பார்கள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து என் பட்டம் "ஆமா". வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் எல்லோரையும் விட அவள்தான் கூடச் சிரித்தாள். அடுத்த நாள் வரும்போது ஒரு சவர பிளேட் கொண்டுவந்தாள்.

அந்த நாட்களில் வன்னிக்குள் பென்சில், கொப்பி வருவதே பெரும்பாடு. பழைய செருப்புத் துண்டால் அழிப்போம், கொப்பி கிழியும். அவளுக்குக் கொழும்பிலிருந்து வந்த மாமி ஒருவர் வாசனை அழிறப்பர் கொடுத்திருந்தார். ஏதோ ஒரு பழத்தின் மணம். என்ன பழமென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அதன்மேல் தன் பெயரை நீளமாக எழுதியிருந்தாள். வாங்கில் வைத்து, பெயரின் நடுவால் பிளேட்டை அழுத்தினாள்.

"முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. அழிச்சுக் கரைச்சுப்போடாதை, ஆமா" என்றாள்.

பட்டம் சொல்லித்தான் தந்தாள். அன்று அது எனக்கு வலிக்கவில்லை.

அதனால் நான் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. பிழை விட்டால் கோடு போட்டு வெட்டிவிடுவேன், அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன். எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். பிறகு சண்டை எங்களை ஆளுக்கொரு பக்கம் துரத்தியது. அவளை நான் மறுபடி காணவில்லை.

எங்கள் ஊர்களில் எல்லா வீட்டிலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான். ஓடும்போது முதலில் கையில் எடுப்பது அந்தப் பையைத்தான். என் பையில் அந்தத் துண்டும் இருந்தது. சண்டையின் கடைசி வருடம் எங்கள் வீட்டில் இரண்டு பேரை இழந்தோம். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. பை தப்பியது. எங்களைக் கொண்டுபோய் வைத்த முகாமின் வாசலில் சோதித்த ஆமிக்காரன் அந்தத் துண்டை எடுத்து, புரட்டி, மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான்.

அதன் மணம் எப்போதோ போய்விட்டது. ஆனால் என் மூக்கில் வைத்தால் எனக்கு வரும். தண்ணீருக்கு வரிசை பிடித்துக் களைத்துக் கூடாரத்துக்குள் வந்து அதை எடுத்துப் பிடிப்பேன். அந்தப் பெயர் தெரியாத பழம் வரும், அவள் சிரித்த சிரிப்பு வரும், எனக்கும் சிரிப்பு வரும். எனக்கென்று மிஞ்சிய சந்தோசம் அதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் கோபிப்பார்கள். ஆனாலும் உண்மை அதுதான்.

போன வருடம் கிளிநொச்சியில் கிளினிக்குக்குப் போயிருந்தபோது ஒரு வயதான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்து, "நீ ஆமாப் பிள்ளையெல்லே?" என்று கேட்டார். அவளுடைய தாய்.

மகளைப் பற்றி அவரே சொன்னார். கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது கையை விட்டவள், பிறகு இல்லை. எங்கே பதிந்தும், யாரிடம் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருக்கிறார்கள். கிளினிக் முடிந்ததும் அவரும் அங்கே போவாராம்.

"எல்லாரும் படம் வைச்சிருக்கினம். நான் அவளின்ர பேரை எழுதின மட்டையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். அவளின்ர கைபட்ட ஒரு கடுதாசித் துண்டு கூட என்னட்ட இல்லைப் பிள்ளை."

வீட்டில் என் பொலித்தீன் பையில் அவளுடைய கையெழுத்து இருந்தது. நான் சொல்லவில்லை. கூச்சத்தினால் என்று அன்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் உண்மை. அதன்பிறகு ஐந்து முறை கிளினிக்கில் சந்தித்தோம். ஐந்து முறையும் மருந்து, மழை, உழுந்து விளைச்சல் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பரந்தனில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, மாங்குளத்தில் மாறி, அவர் இருக்கும் துணுக்காய் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. என்ன சொல்லிக் கொடுப்பதென்று வழி முழுக்கப் பாடமாக்கினேன். அவர் முற்றத்தில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கதிரை போட்டு, வெறும் தேத்தண்ணி தந்தார். நான் சுற்றிக் கொண்டுபோன கடுதாசியைப் பிரித்து, துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

ஒரு சொல்லும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் விரல் நேரே எழுத்துகளுக்குப் போனது.

"அவள்தான். கடைசி எழுத்துக்கு இப்பிடித்தான் வால் இழுப்பாள்" என்றார். பிறகு சிரித்தார். "இதின்ர பாதியைத் துலைச்சிட்டாள் எண்டு அவளுக்கு நல்ல அடி குடுத்தனான். உன்னட்டக் குடுத்ததெண்டு கடைசி வரைக்கும் சொல்லேல்லை, கள்ளி."

அவள் அடி வாங்கியது எனக்கு அன்றுதான் தெரியும். ஏதாவது மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்று, பாடமாக்கியதைச் சொன்னேன்.

"அம்மா, இவ்வளவு காலமும் அவவின்ர நினைவா நான் வைச்சிருந்தது. இனி நீங்கள் வைச்சிருங்கோ."

சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் 'நினைவு' என்ற சொல் கல்லறையில் இருக்கும். ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் புத்தகத்தில் இருக்கும். தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் முன்னால் யாரும் அதைச் சொல்வதில்லை. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நினைவு செத்த ஆக்களுக்குப் பிள்ளை" என்றார். "நீயும் அவள் இல்லையெண்டோ நினைக்கிறாய்?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முற்றத்தில் 'இல்லை' என்பது எப்படிக் கேட்கும் என்று யோசித்தேன். யோசித்த நேரத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவர் துண்டைத் திரும்பக் கடுதாசிக்குள் வைத்து, முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்தார். என் கையைப் பிடித்து அதற்குள் வைத்து விரல்களை மூடினார். "இது அவள் உனக்குத் தந்த சாமான். இதை நான் வாங்கினால், அவளை நானே புதைச்ச மாதிரி. அவள் வந்து உன்னட்டக் கேப்பாள், குடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பையில் உழுந்து போட்டுத் தந்து, பஸ் போய்விடும், வெளிக்கிடு என்று படலை வரை வந்து அனுப்பினார்.

பஸ்ஸில் இருந்து கையைத் திறந்து பார்த்தேன். திரும்பக் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் உள்ளுக்குள் சந்தோசம் வந்தது. அந்த ஒரு கணத்தை நினைக்கும்போது என்மீது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எத்தனையோ வருடமாகத் தேடிய தாய், கைக்கு வந்த ஒரே துண்டை என் ஒரு சொல்லால் திருப்பித் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பழமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அவள் வந்து கேட்பாள் என்று நம்புகிறவரிடம் இருக்க வேண்டியது, நம்பாதவளிடம் இருக்கிறது. பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு சமைத்தேன். கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்றார்கள்.