மெர்லோவும் என் மூக்கும்

காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியாமல் போய் மூன்று மாதமாகியிருந்தது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் பெயின்ட் கலக்கும் அறைக்கு நான் சூப்பர்வைசர். சட்டென்று தீப்பிடிக்கும் தின்னர் கசிந்தால் முதலில் மூக்குதான் சொல்லும். வேறு லைனுக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஊருக்குத் திரும்பவிருந்த வெளிநாட்டு இன்ஜினியர் எங்களுக்கு விருந்து வைத்தார். மெர்லோ என்ற சிவப்பு ஒயினை ஊற்றி, குடிக்கும் முன் முகர்ந்து சொல்லச் சொன்னார். என் ஷிப்டில் இருந்த சேரப்பணஞ்சேரிக்காரன், "நாவப்பழ வாசன அடிக்குதுண்ணே" என்றான்.

என் முறை வந்ததும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். "எனக்கும் நாவப்பழம்தான்" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தேன். நாக்கில் மெல்லிய துவர்ப்பும் வழவழப்பும் இருந்தன. பழ வாசனைதான் வரவில்லை.

இன்ஜினியர் இன்னொரு கிளாஸை நீட்டினார். முகர்ந்து பார்த்து, "இது இன்னும் நல்லா பழுத்தது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பல நாள் திறந்து கிடந்து புளித்துப்போன அதே மெர்லோவாம் அது. வித்தியாசம் காட்டுவதற்காக வைத்திருந்தாராம்.

சேரப்பணஞ்சேரிக்காரன் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து கேட்டான்: "போன வாரம் தின்னர் டின்னு மூடாம கெடந்துச்சே, அதுவும் உனக்குத் தெர்லியாண்ணே?"

"தெரியலடா."

"நாளைக்கு நீயே போய் சொல்லிடு. உள்ள நின்னுகினு வேல செய்றது நாங்க."

மறுநாள் காலை சேஃப்டி ஆபீசரிடம் சொன்னேன். அன்றே என்னைக் கதவு பொருத்தும் லைனுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேன்டீனில் நானே போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.