சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட மரங்கள்

பிரான்ஸில் ஒரு காட்டுப் பாதையில் தனியே நடக்கிறேன். "நடந்தே ஆற்றங்கரைக்கு வாறன், நீ காரோடை அங்கை நில்" என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வழி தவறினால், லண்டனில் நோர்பரி வீட்டுக்குத் திரும்பியதும் என்னைத் தனியே கடைக்குக்கூட விடமாட்டாள்.

மரங்களில் எங்கள் கோயில் மதில் போலச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் பயமில்லாமல் வருகிறேன். பாதை பிரிகிற இடத்தில் ஒரு மரத்தில் அதே பட்டை. மற்றதில் அதே நிறங்களில் சரிந்த சிலுவை. அது மாதா கோயிலுக்குப் போகிற வழியாக்கும், ஒரு கும்பிடு போட்டுச் சற்று இருந்துவிட்டுப் போகலாம் என்று அந்தப் பக்கம் திரும்புகிறேன்.

காளான் கூடையோடு வந்த என் வயதுக்காரி ஒருத்தி ஏதோ கத்துகிறாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்துத் தலையாட்டுகிறாள். எனக்குச் சுருக்கென்கிறது.

"ஏனணை, சைவக்காரி கும்பிட்டால் உங்கடை மாதா கோவிப்பாவோ?" என்று தமிழிலேயே கேட்கிறேன்.

அவள் என் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிவருகிறாள். சிலுவையைத் தொட்டு மறுபடியும் கைகளைக் குறுக்கே வைக்கிறாள். பிறகு மற்ற மரத்துச் சிவப்பு வெள்ளைப் பட்டையைத் தொட்டு, தண்ணீர் ஓடுவதுபோல விரல்களை அசைத்துக் காட்டுகிறாள். சிலுவை என்றால் இந்த வழியில் போகாதே என்று அர்த்தம்.

"விளங்குதணை" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு நடக்கிறேன்.

ஆற்றங்கரையில் மகள் ஓடிவருகிறாள். "ஆரும் வழி காட்டினவையோ அம்மா?"

லண்டனில் பஸ்ஸில் எழுதியிருப்பதைக்கூட இவள்தான் எனக்கு வாசித்துச் சொல்கிறவள்.

"ஓம், ஒரு மனிசி ரெண்டு எழுத்துச் சொல்லித் தந்தவ. மிச்சத்தை நானே வாசிச்சு வந்தன்."