ஒற்றைச் சங்கிலிப் படம்

அண்ணி எதை மேசையில் வைத்தாலும் திருப்பித்தான் வைப்பார். கோப்பை என்றால் கைப்பிடி எடுப்பவர் பக்கம், கத்தரிக்கோல் என்றால் கூர் தன் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். முதலில் எனக்கும் பிடித்திருந்தது. அம்மா அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்ததும் எரிச்சலாகிவிட்டது. அதுவரை அம்மாவின் பெருமையெல்லாம் நான்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி.

பிறகு அண்ணி வேலை பார்த்த ஆய்வகத்திலேயே எனக்கும் இடம் கிடைத்தது. புரதங்களைப் படிகமாக வளர்த்து அவற்றின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் இடம். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் எங்கள் விக்கியில், ஆய்வகத்தில் யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் களஞ்சியத்தில், ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கங்களுக்கான வழிகாட்டுதல்களை எழுதியதும் அண்ணிதான். புரதம் உடலில் என்ன செய்கிறது என்பதில் தொடங்கு. மருந்து போய் உட்காரும் குழி, படத்தில் வாசகரைப் பார்த்திருக்கட்டும். அடுத்தவர் வாக்கியத்தை நீக்கினால், விவாதத்துக்கென்று கூடவே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் காரணம் சொல். வடிவத்தைக் கண்டுபிடித்தவரே பக்கத்தை எழுதக் கூடாது. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துப் பாதியை விட்டுவிடுவார்.

என் புரதத்தின் வடிவம் கிடைத்ததும், “உன் பக்கத்தை நான் எழுதுறேன்” என்றார் அண்ணி.

யார் எப்போது எழுதினார் என்று காட்டும் பக்க வரலாற்றில் முதல் பெயராக அவர் பெயர் இருக்கும். என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று மதியமே நானே பக்கத்தைத் தொடங்கிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் என் முதல் வாக்கியம் காணாமல் போயிருந்தது, படமும்தான். பழையபடி வைத்தேன். மறுபடி எடுத்தார். பேச்சுப் பக்கத்தில் ஏன் என்று கேட்டுவிட்டு மறுபடி வைத்தேன். சாப்பிடும்போது இருவரும் தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை.

“நாத்தனார் சண்டைய ஊரே பாக்க நடத்துறீங்க. டிக்கெட் போட்டா நல்லா ஓடும்” என்றான் அண்ணன்.

“என்னடி ஆச்சு?” என்றார் அம்மா.

“என் படத்தத் தூக்கிட்டாங்கம்மா.”

“அது பாதிப் படம்” என்றார் அண்ணி. “உன் புரதம் ஜோடியாத்தானே வேலை செய்யும்? நீ ஒத்தச் சங்கிலியப் போட்டிருக்க.”

எனக்கு முகம் சுட்டது. வடிவத்தைச் சேமித்த கோப்பில் ஒரு சங்கிலிதான், அதாவது ஜோடியில் ஒரு பாதிதான் இருந்தது; அதன் ஜோடியை நாம்தான் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். குழி இருப்பதே இரண்டும் சேரும் இடத்தில். அவ்வளவு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், குழியில் பாதியைப் போட்டிருந்தேன்.

“சரி, படம் தப்பு. வாக்கியத்துல என்ன தப்பு அண்ணி? நீங்க சொன்ன மாதிரிதானே எழுதினேன்?”

அண்ணி என் கோப்பையின் கைப்பிடியை என் பக்கம் திருப்பினார். “உனக்கென்ன, ரெண்டாவது தடவையே படிகம் வளந்துடுச்சு” என்றார்.

ஆய்வகத்தில் அவருடைய புரதம் மட்டும் கடைசிவரை படிகமாக வளரவே இல்லை. மற்றவர்களின் புரதங்களுக்கெல்லாம் பக்கம் எழுதியவருக்குச் சொந்தமாக ஒரு பக்கம் இல்லை. நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். அவருக்கும் என்மேல் பொறாமை என்பதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போதும் நினைத்தால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் ஜோடியாகப் படம் போட்டேன், வாக்கியத்தையும் திரும்ப வைத்தேன். அவர் தொடவில்லை. பிறகு அண்ணனுக்கு மாற்றலாகி இருவரும் வெளியூர் போய்விட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அண்ணியின் வழிகாட்டுதல்களை இப்போது நான்தான் சொல்லித்தருகிறேன், காரணம் சொல்லாமல் எதையும் நீக்காதே என்பது உட்பட.

என் பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே அண்ணி எழுதியது ஒரே சொல்: “சொல்கிறேன்.”

இன்னும் சொல்லவில்லை.